தாயக் கணக்கில் பாதி விடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கல்விப் பக்கத்தில் வரும் இணைந்த கணித மாதிரி வினாக்களை என்னிடம் ரியூசன் வரும் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். பத்திரிகையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளைகள், அதனால்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் இரண்டு சமன்பாடுகளைத் தாயத்தால் (எண்களை நிரை நிரலாக அடுக்கிய அட்டவணை, matrix) தீர்க்கிற ஒரு கணக்கின் விடையில் "துணிகோவை பூச்சியம், ஆகவே தீர்வு இல்லை" என்று முடித்திருந்தீர்கள். துணிகோவை (determinant) என்பது இரண்டுக்கு இரண்டு தாயத்தில் எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் வருவது. இது பாதி விடை.

திருகோணமலை மீன் சந்தைக்கே வாருங்கள். ஒருவர் 2 கிலோ சூரையும் 1 கிலோ பாரையும் வாங்கி 3400 ரூபாய் கொடுக்கிறார், இன்னொருவர் 1 கிலோ சூரையும் 3 கிலோ பாரையும் வாங்கி 5200 கொடுக்கிறார், விலைகள் என்ன? (விலை நான் கணக்குக்காகப் போட்டது, மீன்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) முதல் நிரை (கிடைவரிசை) 2, 1, 3400. இரண்டாவது 1, 3, 5200. இரண்டாவதை இரண்டால் பெருக்கி முதலாவதைக் கழித்தால் 0, 5, 7000 என்று வரும், பாரை 1400, அப்புறம் சூரை 1000. முடிந்தது.

இப்போது இரண்டாவது ஆள் 4 கிலோ சூரையும் 2 கிலோ பாரையும் வாங்கினார் என்று வையுங்கள். துணிகோவை 2×2 − 1×4, அதாவது பூச்சியம். அவர் கொடுத்தது 6800 என்றால் அது முதல் பில்லின் இரட்டிப்பு, புதிதாக எதையும் சொல்லவில்லை, ஆகவே விலைகளுக்கு எண்ணற்ற சோடிகள் பொருந்தும். 7000 கொடுத்தார் என்றால் இரண்டு பில்லும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, அப்போதுதான் தீர்வு இல்லை. வரைபில் பார்த்தால் முதலாவதில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், மற்றதில் சமாந்தரமாகப் போகும். இதை நிரை நிரையாகக் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை, கடைசி நிரையில் 0, 0, 0 வருகிறதா 0, 0, 200 வருகிறதா என்று தானே கண்டுபிடிக்கும்.

ஆனால் நாங்கள், ரியூசன் மாஸ்டர்மாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், "மூலைவிட்டத்தை மாற்று, மற்ற இரண்டுக்கும் குறியை மாற்று, துணிகோவையால் வகு" என்று மந்திரம் மாதிரி ஓத வைக்கிறோம். இரண்டுக்கு இரண்டு தாயத்துக்கு அது வசதி, பரீட்சையில் நேர்மாறு தாயம் (inverse) கேட்டால் அதைத்தான் எழுதவும் வேண்டும். மாறிகள் கூடினால் நிலைமை வேறு. கிராமர் என்ற கணிதர் 1750இல் தந்த, துணிகோவைகளை வகுத்து விடை காணும் விதிப்படி பத்து மாறிகளைத் தீர்க்க 11 துணிகோவைகள் வேண்டும், ஒவ்வொன்றையும் முழுதாக விரித்தால் 36,28,800 பதங்கள். நிரைகளைக் கழித்துக்கொண்டு போனால் ஏறத்தாழ 430 பெருக்கல் வகுத்தலில் வேலை முடிகிறது. கணினி நிரல்கள் இத்தகைய சமன்பாடுகளைத் தீர்க்கப் பெரும்பாலும் இந்தக் கழித்தல் முறையையே ஆதாரமாகக் கொள்வது சும்மா இல்லை.

இந்தக் கழித்தல் முறைக்கு ஜெர்மன் கணிதர் காவுஸின் (Gauss) பெயர் ஒட்டிவிட்டது, சரி, ஆனால் அவருக்கு ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கும் மேல் முன்பே சீனர்கள் எண்ணும் குச்சிகளைப் பலகையில் அடுக்கி இதையே செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய கணித நூலில் எட்டாம் அத்தியாயத்தின் முதல் கணக்கு தம்பலகாமத்து வயல்காரருக்குக்கூட விளங்கும்: முதல்தரக் கதிர்க்கட்டு 3, இரண்டாந்தரம் 2, மூன்றாந்தரம் 1 சேர்ந்தால் 39 அளவு தானியம், 2, 3, 1 என்றால் 34, 1, 2, 3 என்றால் 26. ஒரு கட்டில் எவ்வளவு? விடை 9¼, 4¼, 2¾. நிரை நிரலாக எண்களை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள், x, y என்ற எழுத்துகள்கூடக் கிடையாது.

ஆகவே ஒரு வேண்டுகோள்தான். அடுத்த முறை தாயக் கணக்குப் போடும்போது துணிகோவை பூச்சியமாகிற இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், கழித்த படிகளை விழுங்காமல் அச்சிடுங்கள். இடம் போதாது என்றால் ராசிபலனில் இரண்டு ராசியைக் குறையுங்கள், எனது ராசியென்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கணித ரியூசன் மாஸ்டர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.