மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

உடல்தானம் செய்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், லேப் டெக்னீஷியன்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், மாணவர்கள் முன் பொறுமையாகப் படுத்துக் கிடந்த நோயாளிகளுக்கும்,

வணக்கம்.

'ஏன் டாக்டராக வேண்டும்?' என்று கேட்டால் 'சேவை செய்ய' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பொய்யில்லை. ஆனால் அந்த வயதில் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்பவருக்கே தெரியாது. வீட்டில் ஒருவர் நோயில் கிடந்தது, உயிரியலில் ஆசை, நாலு பேர் தரும் மரியாதை, நிலையான வருமானம் எல்லாம் கலந்துதான் இருக்கும். கலந்திருப்பதில் தப்புமில்லை. ஆனால் இவை எதுவும் இரவு மூன்று மணிக்கு ஒருவரின் மூச்சை முழு ஒரு நிமிடம் நின்று எண்ண வைப்பதில்லை. எங்களை எண்ண வைத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி உடல் கொடுத்தவர்களுக்கு. இறந்த உடலில் ஃபார்மலின் கலந்த திரவத்தைத் தமனி வழியாக ஏற்றிப் பதப்படுத்த வேண்டும். நேரம் கடந்தால் திசு கெடத் தொடங்கும், ரத்தக்குழாய்களில் கட்டி அடைத்துத் திரவம் விரல் நுனிவரை போய்ச் சேராது. அதனால் துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே எழுந்துபோய்க் கல்லூரிக்கு போன் செய்யும் வேலை குடும்பத்தில் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. அந்த ஒருவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

புத்தகத்தில் இருப்பது ஒரே மணிக்கட்டு. உங்களிடம் பார்த்தது பல. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் ஒரு தசைநாண் துருத்தும். பால்மாரிஸ் லாங்கஸ் என்று பெயர். அதை அடையாளமாக வைத்துத்தான் பக்கத்தில் ஓடும் மீடியன் நரம்பைத் தேடுவோம். ஆனால் சிலருக்கு அந்தத் தசைநாணே கிடையாது. படத்தை மட்டும் நம்பியவர் ஊசியோடு தடுமாறுவார். தோலை உரிக்கும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மெல்லிய தோல் நரம்புகள் கொழுப்போடு சேர்ந்து கழன்று வந்துவிடும். அந்தத் தவறையெல்லாம் உங்கள் மேல்தான் செய்தோம்.

சிஸ்டர்களே, மூச்சுக் கணக்கு நீங்கள் கொடுத்தது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சில் வைக்கச் சொன்னீர்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், தவறவிட்ட ஒரு மூச்சு நாலாகிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 25-ஐத் தாண்டினால் ரத்த அழுத்தம் இன்னும் நன்றாகவே இருந்தாலும் உள்ளே ஏதோ கெடுகிறது. சார்ட்டில் 18, 18, 18, 18 என்று ஒரே வரிசையாக இருந்தால் எண்ணவில்லை, எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் கண்டுபிடிப்பீர்கள். அந்தப் பார்வைக்கு இன்றும் பயம்தான்.

லேப்காரர்களே, எங்கள் அவசரம் உங்கள் மேஜையில்தான் அம்பலமாகும். கையில் கட்டிய ரப்பரை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டு, முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். குழாயைக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து அதே பொய். இவற்றைவிட மோசம், ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை, போதவில்லையென்று வேறு குழாயில் ஊற்றுவது. ரத்தம் உறையாமலிருக்க ஊதாக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தை இறக்கிக் காட்டும். 'நடமாடுகிறவருக்கு இந்த எண் வராதே, குழாய் மாற்றி ஊற்றினீர்களா?' என்று நீங்கள் போனில் கேட்ட கேள்வி, தேவையில்லாத சிகிச்சையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றியது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

மருந்தாளுநர்கள் புள்ளியோடு சண்டை போடுகிறவர்கள். '.5' என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும், '5.0' என்றால் 50. இரண்டிலும் பத்து மடங்கு. 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 இருக்கும் சிரப்பில் அது ஏழரை மில்லி. அதே ஏழரை மில்லியை 250 இருக்கும் சிரப்பில் கொடுத்தால் 375. இரண்டு மடங்குக்கும் மேல். 'ஏழரை மில்லி, சரி, எந்த பாட்டில்?' என்று சீட்டைத் திருப்பி அனுப்பியபோது எரிச்சல்பட்டவர்கள் நாங்கள். மன்னியுங்கள்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு: ஒரு தடவைக்கு 350 அல்லது 450 மில்லி. அதிலிருந்து பிரிக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணு ஐந்து நாள்போல்தான் தாங்கும் என்பதால் சேர்த்துவைக்க வழியில்லை. திரும்பத் திரும்ப வந்தீர்கள்.

துப்புரவுப் பணியாளர்களே, ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடச் சொல்வீர்கள். அதற்கு மேல் திணித்தால் குத்துவது உங்கள் கையில். படுக்கை விரிப்பில் விட்டுவந்த ஊசியும் அப்படியே. 1847-இல் வியன்னாவின் பிரசவ வார்டில் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற டாக்டர். இறப்பு சரிந்தது, ஆனாலும் பல டாக்டர்கள் ஏற்கவில்லை. டாக்டர் கையில் அழுக்கு இருக்குமா என்ற அந்தப் பழைய வீம்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. கட்டைவிரலையும் விரல் நுனியையும் விட்டுவிட்டுக் கழுவுவதைச் சுட்டிக்காட்டியது உங்களில் சிலர்தான்.

கடைசியாக நோயாளிகள். குளிர்ந்த கையை வயிற்றில் வைத்தால் தசை இறுகிவிடும், உள்ளே எதுவும் தட்டுப்படாது. கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு, ஈரலைத் தேட வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலே வர வேண்டும். மேலேயே தொடங்கினால், வீங்கிய ஈரலின் மீதே கை உட்கார்ந்துவிடும், விளிம்பு கிடைக்காது. கண் வயிற்றில் இருக்கக்கூடாது, முகத்தில் இருக்க வேண்டும். வலி முதலில் தெரிவது அங்கேதான். இவ்வளவும் ஆறாவது மாணவர் வந்து அழுத்தும்வரை நீங்கள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்ததால் கைக்கு வந்தது. 'இன்று வேண்டாம்' என்று மறுத்தவர்களுக்கும் நன்றி. கேட்காமல் தொடக்கூடாதென்பது அப்போதுதான் உறைத்தது. 'முதலில் அந்தத் திரையை இழுத்துவிடு தம்பி' என்று சொன்னவர்களுக்கும்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த மருத்துவர்கள்