அப்பாவுக்கு ஊசியைப் புரியவைத்த அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

பாலக்கோடு சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. அப்பாவுக்கு வந்திருப்பது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். அந்த நோய் செல்கள் செய்யும் எம் புரோட்டீன் என்ற புரதத்தின் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, மருந்து கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். நடந்தது என்னவென்று உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.

ரத்தம் கொடுத்த பையன்கள், காப்பீட்டு அட்டைக்காக அலைந்த மாமா, விடியும் முன்பே வண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்ற தம்பி, களியும் கீரைக் கடைசலும் கொடுத்தனுப்பிய அத்தைகள், நாங்கள் இல்லாத நாட்களில் எங்கள் பட்டுப்புழுவுக்குத் தழை வெட்டிப் போட்ட பக்கத்துத் தோட்டத்து அண்ணன், அண்ணி என்று எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே வருவேன்.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைப்பது டே கேர் வார்டு செவிலியர் அக்காவைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் அப்பா ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கால் மரத்துப்போகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, உடம்பைக் கெடுத்துத்தான் நோயைக் கொல்லணுமா என்பது அவர் கேள்வி. “டாக்டர் சொல்றாரு, போட்டுக்கோங்கப்பா” என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. டியூட்டி முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அக்காவின் காதில் இது விழுந்திருக்கிறது. திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஐயா என்ன பண்றீங்க?”

“பட்டு வளர்க்கிறேம்மா.”

“அஞ்சாம் பருவத்துல படுக்கை சுத்தம் பண்ணாம விட்டா என்னாகும்?”

அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். “எச்சமும் மிச்சத் தழையும் சேர்ந்து சூடாகிடும், புழுவுக்கு நோவு வந்துடும். நிறையத் தின்ன தட்டுதான் முதல்ல கெட்டுப்போகும்.”

அக்கா அங்கிருந்து தொடங்கினார். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன. நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்வது அவற்றின் வேலை. செய்யும்போது சில சரியாக மடியாமல் கெட்டுப்போகும். அப்படிக் கெட்டதன் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் அடையாளமாக ஒட்டிக்கொள்ளும், செல்லுக்குள் கழிவை அரைக்கும் புரோட்டியாசோம் என்ற அமைப்பு அதைத் துண்டு துண்டாக்கிவிடும். மைலோமா வந்த பிளாஸ்மா செல் ஒரே வகைப் புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருப்பதால் கழிவும் அதில்தான் அதிகம். அப்பாவுக்குப் போடும் போர்டிசோமிப் ஊசி அந்தப் புரோட்டியாசோமை அடைத்துவிடுகிறது. கழிவு தேங்கத் தேங்கத் தாங்க முடியாமல் அந்த செல் தானே செத்துப்போகிறது.

“அப்போ அந்தத் தட்டுல மட்டும் கழிவெடுக்க மாட்டாங்களா?”

“எல்லாத் தட்டுலயும்தான் கொஞ்ச நேரம் நிறுத்துறாங்க ஐயா. கம்மியாத் தின்னது தாங்கிக்கும். நரம்புக்குக் கொஞ்சம் கஷ்டம், அதான் கால் மரத்துப்போகுது. மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவைக் குறைப்பாங்க.”

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். வேறு செவிலியர் வந்து ஊசி போட்டு முடிக்கும் வரை அக்கா கிளம்பவில்லை. அவருடைய பஸ் போயிருக்கும்.

நோய் வந்த நாளிலிருந்து அப்பாவை எல்லோரும் ஒன்றும் தெரியாதவர் போலவே நடத்தினோம். ஆயுசு முழுக்கப் புழுவைப் பார்த்தவருக்குத் தெரிந்ததை வைத்தே அவர் உடம்பை அவருக்குச் சொன்னவர் அந்த அக்கா ஒருவர்தான்.

இன்னொன்றும் உண்டு. பெங்களூருவிலிருந்து சித்தி அன்போடு அனுப்பிய கிரீன் டீ பாக்கெட்டைப் பார்த்து, இந்த ஊசி போட்டுக்கொள்ளும் காலம் முழுக்க இது வேண்டாம் என்று எடுத்து வைத்தவரும் அவரே. அப்புறம் படித்துப் பார்த்தேன். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் மருந்திலிருக்கும் போரான் என்ற தனிமத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டு 2009இல் எழுதியிருக்கிறார்கள். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை, அவருக்கும் நன்றி.

படிக்கப் படிக்க, முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. அக்கா சொன்ன அந்த யுபிக்விட்டின் வழியைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் ஆரோன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் தேடியது புற்றுநோய் மருந்தை அல்ல. செல் தன் புரதத்தை எப்படிச் சிதைக்கிறது என்று முயலின் இளம் ரத்த செல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2004இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமே, 2003இல், அமெரிக்காவில் போர்டிசோமிப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அந்த மருந்துதான் இன்று தர்மபுரி மாவட்டத்துப் பட்டு விவசாயி ஒருவரின் வயிற்றில் ஏறுகிறது. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அக்காவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போனோம், வாங்க மறுத்துவிட்டார். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அப்பாவின் ஊசி நாட்களில் வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசப்போகிறேன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்க முடியும், பயந்துபோனவர்களுக்குத் துணையாக இருக்க முடியும். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

சிகிச்சை இன்னும் முடியவில்லை. அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இருப்பதால், பார்க்க வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போனிலேயே பேசுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவரே எடுப்பார்.