அவசரப்பட்டுப் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பாதே

அன்பு நண்பா,

இங்கே அனைவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். ரூட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த நாளிலிருந்து வைஃபை வேகம் பாதியாகிவிட்டது என்றும், வார இறுதியில் பழைய பதிப்பையே ஏற்றிவிடப் போவதாகவும் நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இதை உடனே எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் உள்ள அதே ரூட்டர்தான் என்னிடமும் இருக்கிறது. அதே புதுப்பிப்பை நானும் ஏற்றி, முன்னும் பின்னும் அளந்து வைத்திருக்கிறேன்.

நீ செய்த சோதனை என்ன? சாய்ந்து படுத்தபடி கைபேசியில் ஒரு செயலியைத் தட்டினாய், எண் குறைவாக வந்தது, உடனே தீர்ப்பு. நம் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் உன்னைப் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார். அந்தச் செயலி உன் ரூட்டரை மட்டும் அளப்பதில்லை. கைபேசிக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள காற்றுவெளி, இணைய நிறுவனத்தின் இணைப்பு, மறுமுனையில் இருக்கும் சர்வர் எல்லாவற்றையும் கடந்து வந்த பிறகு மிஞ்சுவதை ஒரே எண்ணாகக் காட்டுகிறது. வேகம் எங்கே குறைந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புதுப்பிப்பு முடிந்ததும் ரூட்டர் அணைந்து மீண்டும் எழுகிறது. எழும்போது சேனலை, அதாவது தான் பேசும் அலைவரிசைத் துண்டை, தானே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால், அக்கம்பக்கத்து வைஃபைகளைப் பார்த்துவிட்டு வேறொரு சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீ ஒப்பிடுவது இரண்டு ஃபர்ம்வேர்களை அல்ல, இரண்டு சேனல்களை. அதனால்தான் நான் பழைய பதிப்பு இருக்கும்போதே ஒருமுறை அணைத்து எழுப்பி, சேனலையும் அதன் அகலத்தையும் கையால் நிலைநிறுத்தி, மடிக்கணினியை வைத்த இடத்தைக்கூடச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு (என் மனைவி சிரித்ததை விட்டுவிடுவோம்) அளந்த பின்னரே புதியதை ஏற்றினேன். ஏற்றிவிட்டு அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனலின் அகலம் 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்கியிருந்தது. புதுப்பிப்பு அந்த அமைப்பை மட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. வைஃபை 5 தரத்தில் இரண்டு ஆன்டெனா கொண்ட கருவிக்கு 80 மெகாஹெர்ட்ஸில் இணைப்பு வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 866 மெகாபிட்; 40இல் அது 400 மட்டுமே. நீ புலம்பும் அந்தப் ‘பாதி’ இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் பந்தயம். அகலத்தைத் திருப்பி வைத்ததும் என் வீட்டில் பழைய வேகம் அப்படியே வந்துவிட்டது.

நீ அளக்கும்போது இணையத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடு. ஒரு கணினியை ரூட்டருடன் ஈதர்நெட் கம்பியால் இணைத்து அதில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலைச் சர்வராக ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியே அதை அழை. அந்த நிரல் இயல்பாக 10 விநாடிதான் ஓடும். வைஃபை அலைபாயும் தன்மைக்கு அது போதாது என்பதால் 60 விநாடியாவது ஓடவிட்டு, திசையை மாற்றியும் பார். வைஃபைக்கு முன் அந்த மடிக்கணினியையும் ஒருமுறை கம்பியில் இணைத்து அளந்துவிடுவது நல்லது: கிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 940 மெகாபிட் வரவேண்டும்; 94 வந்தால் குற்றவாளி பழுதான கம்பியோ 100 மெகாபிட் போர்ட்டோதான், ஃபர்ம்வேர் பாவம். 866 என்று திரையில் காட்டிவிட்டு 550தான் தருகிறது என்ற உன் பழைய குறையையும் இத்துடன் விட்டுவிடு. ஒரே காற்றை எல்லாரும் முறைவைத்துப் பகிர வேண்டியிருப்பதாலும், ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒப்புகை திரும்ப வேண்டியிருப்பதாலும், இணைப்பு வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்தாலே நல்ல ரூட்டர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேகத்தைப் பற்றியே அல்ல. புதிய பதிப்பில் உண்மையாக மாறியிருப்பது காத்திருப்பு. பழைய பதிப்பில், யாரும் எதுவும் செய்யாதபோது பிங், அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம், 15 மில்லிவிநாடிக்குள் இருந்தது. யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றத் தொடங்கியதும் 300ஐத் தாண்டியது. இணைப்பு நிரம்பும்போது தரவுப் பொட்டலங்கள், அனுப்பும்வரை அவற்றைத் தாங்கி வைக்கும் நினைவகத்தில் (பஃபர்) நீண்ட வரிசையாகத் தேங்குவதே காரணம். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, தேக்கம் நீடித்தால் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புகிறவரை நிதானிக்கச் சொல்கிறது. அதை ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசையோடு சேர்த்ததுதான் எஃப்க்யூ-கோடெல்; 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. நம் ரூட்டரின் புதிய பதிப்பில் இந்த வசதி சேர்ந்திருக்கிறது. நான் அதை இயக்கி, மேலேறும் வேகத்தையும் கீழிறங்கும் வேகத்தையும் இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும். இப்போது அதே பதிவேற்றத்தின்போதும் பிங் 30ஐத் தாண்டுவதில்லை. இதற்கு விலை உண்டு: பொட்டலங்களை விரைவாகக் கடத்தும் வன்பொருள் முடுக்கம் அணைந்து எல்லாப் பொட்டலமும் ரூட்டரின் சிபியு வழியே போவதால் உச்ச வேகம் கொஞ்சம் குறைகிறது. நான் அதை மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். அப்பாவுக்குக் காது மந்தமாகி வருவது உனக்குத் தெரியும். என் தங்கை வீடியோவில் அழைக்கும்போது குரல் துண்டு துண்டாக வந்தால், இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்க அவருக்குக் கூச்சம். “சரி, சரி” என்று சொல்லிவிட்டுக் கைபேசியை என்னிடம் நீட்டிவிடுவார். அவருக்கு இதில்தான் மனம் விட்டுப்போயிருந்தது, நண்பா. போன வாரம், பக்கத்து அறையில் மகன் தன் காணொளியைப் பதிவேற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அப்பா என் தங்கையோடு வெகுநேரம் பேசினார், சண்டைகூடப் போட்டார்.

பின்னோக்கிப் போவதில் இன்னொரு தீமை, புதிய பதிப்பு அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளை நீயே திறந்துவிடுவது. 2017இல் வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2இல் கிராக் என்ற குறை வெளியானபோது இப்படிப்பட்ட புதுப்பிப்புகள்தான் அதை மூடின. ஆகவே முதலில் அகலத்தைப் பார். பிறகு கம்பி, பிறகு காற்று, பிறகு பதிவேற்றம் நடக்கும்போது பிங், இந்த வரிசையில் அளந்து எண்களை எனக்கு எழுது. அத்தனைக்கும் பிறகும் புதியது மோசம் என்று தெரிந்தால் பழையதை ஏற்று, நான் தடுக்கவில்லை; ஆனால் புதிய பதிப்பில் சேமித்த அமைப்புக் கோப்பைப் பழையதில் ஏற்றாதே, எல்லாவற்றையும் கையாலேயே மறுபடி நிரப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்