வெருட்டினா மட்டும் காணாது பிள்ளை

பிள்ளை,

நாடுகள் ஒண்டையொண்டு வெருட்டிக் காரியம் பாக்கிறதைப் பற்றி நீ எழுதி அனுப்பின கட்டுரைய போனில பெரிசாக்கி பெரிசாக்கி வாசிச்சு முடிச்சன், இங்கிலீஷ் கொஞ்சம் இழுத்துது, ஆனா விசயம் விளங்கிச்சு. வொய்ஸ் மெசேஜில சொல்ல வெளிக்கிட்டா அம்மா இடையில பூந்து தன்ர கதைய துவங்கிடுவா, அதான் டைப் பண்ணுறன்.

ஒண்டைச் செய்யாத எண்டு வெருட்டுறது வேற, ஒண்டைச் செய் எண்டு வெருட்டுறது வேற எண்டு அந்த அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தோமஸ் ஷெல்லிங் பிரிச்சதை நல்லா எழுதியிருக்கிறாய். செய்யாத எண்டா மற்றவன் சும்மா இருந்தாலே காணும், நான் செய்ய நினைக்கவே இல்லையே எண்டு சொல்லிட்டுப் போயிடலாம். செய் எண்டா நாலு பேர் பாக்க இறங்கி வரவேணும், அது ஒருத்தருக்கும் விருப்பமில்ல.

ஆனா உதாரணம் முழுக்க கியூபாவும் பெர்லினும் தான். 1987 எங்க? வடமராட்சியில இலங்கை ஆமியின்ர ஒப்பரேசன் லிபரேசன் நடக்கேக்க ஜூன் 3 இந்தியா சாமானோட படகு அனுப்பினது, இலங்கை நேவி மறிச்சுத் திருப்பிட்டுது. அடுத்த நாள் அஞ்சு அன்ரனோவ் பிளேன், காவலுக்கு மிராஜ், யாழ்ப்பாணத்துக்கு மேல வந்து சாப்பாட்டுப் பொதி போட்டிட்டுப் போச்சு. ஒரு 25 தொன் அளவு தான், அதில எத்தினை வயிறு நிரம்பும் சொல்லு? பொதி சனத்துக்கு, சேதி கொழும்புக்கு. ஒரு குண்டு போடேல்ல, ஒப்பரேசன் நிண்டுது, ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. (ஒக்டோபரில அதே இந்தியன் ஆமியோட அடிபாடு துவங்கினது வேற கதை, அதை இதுக்குள்ள கலக்காத.)

இப்ப 2006ஐப் பார். ஜூலையில புலிகளின்ர பக்கம் இருந்த மாவிலாற்றுத் துருசு, தண்ணி திறக்கிற கதவு, பூட்டுப்பட்டு வயலுக்குத் தண்ணி போகேல்ல, திற எண்டு அரசாங்கம் பிளேனால அடிக்கத் துவங்கிச்சு. ஆகஸ்ட் 8 துருசு திறந்தாச்சு. கேட்டது கிடைச்சுது தானே, நிண்டுதோ? மூண்டு நாளில முகமாலையில அடிபாடு, ஏ9 பாதை பூட்டு, நாங்கள் வன்னிக்குள்ள. நீ செய்யாட்டி அடிப்பன் எண்டு நம்பப்பண்ணுறது லேசு, செய்தா நிப்பாட்டுவன் எண்டு நம்பப்பண்ணுறது தான் கஷ்டம், உன்ர கட்டுரையில இது ஒரு வரி கூட இல்ல. இஞ்ச யானைக்கு வெடி போடுறவங்கள் காட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டிட்டுத்தான் போடுவாங்கள், நாலு பக்கமும் நிண்டு போட்டா அது ஆளுக்கு மேல தான் வரும். 1962 கியூபா ஏவுகணைப் பிரச்சினையில கென்னடியும் அதைத்தானே செய்தவர், கியூபாவுக்குள்ள இறங்கமாட்டம் எண்டு வெளியில சொன்னார், துருக்கியில இருந்த ஜூபிட்டர் ஏவுகணைய எடுக்கிறம் எண்டு ரகசியமா சொன்னார், சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவில வச்ச ஏவுகணைய எடுத்துக்கொண்டு திரும்பிப் போக ஒரு வழி இருந்துது.

பிறகு, சண்டை படிப்படியா ஏறும் எண்டு காட்டுற அந்த ஹெர்மன் கானின்ர 44 படி ஏணி. எனக்கு அதில நம்பிக்கையில்ல, வாசிக்க வடிவா இருக்கு அவ்வளவு தான். 1962 ஒக்டோபர் 27 கியூபாவுக்கு மேல அமெரிக்காவின்ர யூ-2 உளவு விமானத்தைச் சுட்டு விழுத்தினது மொஸ்கோ ஓடர் இல்லாம, அங்க நிண்ட சோவியத் அதிகாரிமார் தாங்களா எடுத்த முடிவு. அப்ப அந்தப் படியில காலை வச்சது ஆர்? எங்கட பக்கம் இன்னும் விசித்திரம், புலிகளோட செய்த 2002 பெப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தத்தில இருந்து அரசாங்கம் விலகினது 2008 ஜனவரியில தான், அதுவரைக்கும் பேப்பரில சமாதானம், தலைக்கு மேல கிபிர் குண்டு பிளேன், நாங்கள் பங்கருக்குள்ள. ரெண்டு பக்கமும் தாங்கள் திருப்பி அடிக்கிறம் எண்டு தான் சொல்லிச்சினம், தாங்கள் ஏறுறம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. அது உன்ர ஏணியில எத்தினையாம் படி?

அதால ரெண்டாம் பக்கத்தில 'இரு தரப்பும் கணக்குப் பார்த்தே படி ஏறும்' எண்ட வசனத்தை வெட்டு, இல்லாட்டி ஆரின்ர கணக்கு எண்டு எழுது. மாவிலாறைச் சேர்த்தா புரொபசருக்கு இடம் விளங்காது, திருகோணமலைப் பக்கம் எண்டு ஒரு வரி போடு. திருத்திப்போட்டு அனுப்பு, வாசிக்கிறன்.

அம்மா மிளகாய்த்தூள் முடிஞ்சுதோ எண்டு கேக்கிறா.

அப்பா