தும்பைக்கு இடமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய காலி இடத்தில் சில வருடம் முன்பு வரை தும்பை, துத்தி, மூக்கிரட்டை, கீழாநெல்லி எல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும். எங்கள் தெரு ஆயா ஒருவர் மூக்கிரட்டையைப் பறித்துப் போய்ப் பருப்போடு கடைவார். இன்று அங்கே இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம்தான். போன வாரம் குனிந்து தேடியதில் ஒரே ஒரு தும்பை, சுவரோரச் செங்கல் இடுக்கில் நின்றது. நாலே பூ, அதில் ஒரு எறும்பு.

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டு நாடு முழுக்கப் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதிலிருந்து கசியும் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் மற்ற விதைகளை எளிதில் முளைக்க விடாது. மனிதருக்கோ தோல் அரிப்பு, மூச்சிரைப்பு.

வெட்ட ஆள் வருகிறார்கள், சரி. ஆனால் விதை முற்றிய பிறகே வருகிறார்கள். அள்ளிப் போகும் வண்டியிலிருந்து விதை சிந்தி, போகிற வழியெல்லாம் புதிதாக முளைக்கிறது.

அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழக அரசு வகுத்த கொள்கை, காடுகளோடு நிற்காமல் எங்கள் பகுதியில் ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய்க் கரைக்கும் வர வேண்டும். மழை விட்டதும், பூப்பதற்கு முன்பே, வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்குகிறவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் தர வேண்டும். அப்புறம் அந்த மண்ணை வெறுமனே விடாமல், பார்த்தீனியத்தை அமுக்கி வளரும் தகரைச் செடியை விதைக்கலாம்.

– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை, சென்னை