குதிரைத்திறனைப் பார்த்து நீச்சல்குள பம்ப் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஏசி, ஃபிரிட்ஜ், கீசர் என்பதோடு முடித்துக்கொள்கிறோம். நீச்சல்குளம் உள்ள வீடுகளில் அவற்றுக்குச் சமமாக, பல வீடுகளில் அவற்றைவிட அதிகமாகவே, மின்சாரம் இழுப்பது, தண்ணீரை ஃபில்டர் வழியாகச் சுற்றவிடும் குளத்து பம்ப். சாதாரண 1 ஹெச்.பி. பம்ப் ஓடும்போது 1,000 வாட்டுக்கு மேல் எடுக்கும். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட்டைத் தாண்டிவிடும். இதைக் குறைக்க வேகம் மாற்றக்கூடிய பம்ப் மிக நல்ல வழி. ஆனால் பலர் "எத்தனை ஹெச்.பி.?" என்று மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். பிறகு அதை முழு வேகத்திலேயே ஓடவிட்டு, "சொன்ன அளவுக்கு மிச்சமாகவில்லையே" என்று வருந்துகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில், மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரிய வேண்டும். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓடும் தண்ணீர் பாதியாகும். குழாயிலும் ஃபில்டரிலும் உள்ள எதிர்ப்பு கால் பங்காகும். தேவைப்படும் திறன் எட்டில் ஒரு பங்காகும். அதே தண்ணீரைச் சுற்ற இரண்டு மடங்கு நேரம் ஓட்ட வேண்டும் என்றாலும், கணக்குப்படி செலவு கால் பங்குதான். நடைமுறையில் மிச்சம் இதைவிடக் கொஞ்சம் குறையும். குறைந்த வேகத்தில் மோட்டாரின் செயல்திறன் இறங்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் தன் பங்குக்குச் சில வாட் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு சரியாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. குளத்திலிருந்து எடுத்த தண்ணீர் அதே குளத்துக்குத் திரும்புவதால் பம்ப் தண்ணீரை உயரத்துக்கு ஏற்ற வேண்டியதில்லை, உராய்வை மட்டும் வென்றால் போதும். கூரையில் சோலார் ஹீட்டரோ உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவியோ இருந்தால் கதை மாறிவிடும். அந்த உயரத்துக்கான அழுத்தம் கிடைக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே போகாது. அத்தகைய குளங்களில் ஹீட்டருக்கோ அருவிக்கோ போகும் கிளைக் குழாய் ஓடும் சில மணி நேரத்துக்கு மட்டும் தனி வேகம் வைத்து, மீதி நேரம் வால்வால் அதை அடைத்துவிடுவது நல்லது.

இனி அளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் சராசரி ஆழம் என்றால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். 8 மணி நேரத்தில் ஒரு சுற்று வர வேண்டுமானால் மணிக்கு 6,000 லிட்டர், நிமிடத்துக்கு 100 லிட்டர். ஒரு சுற்று என்றவுடன் தண்ணீர் முழுவதும் ஃபில்டருக்குள் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரும் அழுக்குத் தண்ணீரும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் ஏறக்குறைய 63 விழுக்காடுதான் ஃபில்டரைக் கடந்திருக்கும். இரண்டு சுற்றில் 86 விழுக்காடு. அதனால் ஆட்கள் நிறைய இறங்கும் நாட்களில் நேரத்தை நீட்டுங்கள், வேகத்தை ஏற்ற வேண்டாம். மெதுவாகப் போகும் தண்ணீரை ஃபில்டரிலுள்ள மணல் நன்றாகவே வடிகட்டும்.

மேலே சொன்ன குளத்தில் ஒரே வேக 1 ஹெச்.பி. பம்ப் மணிக்கு 12,000 லிட்டர் தள்ளுகிறது, 1,050 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 4 மணி நேரம், 4.2 யூனிட். அதே வேலையை வேகம் மாற்றும் பம்ப் பாதி வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுழற்சியில், 8 மணி நேரம் செய்தால் 150 முதல் 180 வாட் வரை எடுக்கும், 1.2 முதல் 1.4 யூனிட். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "மணிக்கு 6,000 லிட்டர் போகும்போது எத்தனை வாட்?" அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் அதிகபட்ச ஓட்டம் எதிர்ப்பே இல்லாத நிலைக்கானது, எந்த வீட்டுக் குளத்திலும் அது கிடைக்காது. பல வேகங்களுக்கான வரைபடமும் ஒவ்வொரு வேகத்திலும் எடுக்கும் வாட்டும் தராத பம்பை ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, அதிக ஓட்டம் எப்போது தேவை என்பது. மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்ய, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலில் தங்கிய அழுக்கை வெளியேற்ற, ஒரு சதுர மீட்டர் மணல் பரப்புக்கு மணிக்கு 40 முதல் 50 கன மீட்டர் வரை வேண்டும். 500 மி.மீ. விட்டமுள்ள ஃபில்டரின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். அதற்கு மணிக்கு 8 முதல் 10 கன மீட்டர். இதைத் தர முடியாத சின்ன பம்பை வாங்கினால் பேக்வாஷில் மணல் மேலே எழும்பாது, அழுக்கு உள்ளேயே தங்கி இறுகிப்போகும். தேவைக்கு மிஞ்சிய பெரிய பம்ப் வாங்கி முழு வேகத்தில் பேக்வாஷ் செய்தாலோ மணலே வெளியே போய்விடும். உறிஞ்சும் பக்கக் குழாயில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.8 மீட்டரைத் தாண்டக் கூடாது. உள்விட்டம் 50 மி.மீ. என்றால் மணிக்குச் சுமார் 12.7 கன மீட்டர், 40 மி.மீ. என்றால் சுமார் 8 கன மீட்டர்தான். பெரிய பம்பை மெதுவாக ஓட்டினால் நல்லதுதானே என்பார்கள். சரிதான், ஆனால் அதிகபட்ச வேகத்தை மெனுவில் பூட்டி வைக்கும் வசதி அந்த பம்பில் இருக்க வேண்டும்.

இதில் உயிர்ப் பாதுகாப்பும் இருக்கிறது. குளத்தின் அடியிலுள்ள வடிகால் மூடிக்கு இவ்வளவு ஓட்டம் வரைதான் என்ற வரம்பு உண்டு. பம்ப் இழுக்கும் ஓட்டம் அதைத் தாண்டினால் தலைமுடியையோ குழந்தையின் உடலையோ மூடியோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒரு வடிகால் உள்ள பழைய குளத்தில் இது மிகவும் கவனிக்க வேண்டியது. பம்பை மாற்றும் நாளிலேயே மூடியையும் பாருங்கள். விரிசல் விட்டிருந்தாலோ திருகு கழன்றிருந்தாலோ அதைச் சரிசெய்யும் வரை யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

பம்பைப் பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. மிச்சமெல்லாம் வேகத்தைச் சரியாக அமைப்பதில்தான் இருக்கிறது. முதலில் ஃபில்டரை பேக்வாஷ் செய்துவிட்டு, மேலே சொன்னபடி மெனுவில் பூட்டிவைத்த அதிகபட்ச வேகத்தில் ஓட்டி, பிரஷர் மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 100 சுழற்சி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பொறுத்து மூன்றைப் பாருங்கள்: ஸ்கிம்மர் (மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் வாய்) இன்னும் மேற்பரப்பை இழுக்கிறதா, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டரில் தண்ணீர் ஓடுவதைக் காட்டும் விளக்கு எரிகிறதா, ஹீட்டர் இருந்தால் அது நிற்காமல் ஓடுகிறதா. எது முதலில் தவறுகிறதோ அந்த வேகத்துக்கு மேல் 150 அல்லது 200 சுழற்சி சேர்த்து வையுங்கள். இந்தக் கூடுதல் அவசியம். ஃபில்டரில் அழுக்கு சேரச் சேர அதே வேகத்தில் ஓட்டம் குறையும். இன்று எரியும் விளக்கு பத்து நாளில் அணைந்துவிடும், குளோரின் உற்பத்தி நின்றதை தண்ணீர் பச்சையான பிறகுதான் கவனிப்போம்.

குளோரினேட்டர் குளோரின் தருவது ஓடும் நேரத்தைப் பொறுத்தது, தண்ணீரின் வேகத்தைப் பொறுத்தது அல்ல. 4 மணி நேரம் ஓடியது 8 மணி நேரமானால் அதன் உற்பத்தி விழுக்காட்டைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளோரின் ஏறிவிடும். இலைகள் விழும் காலத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் வேகத்தைக் கூட்டி மேற்பரப்பை இழுக்க விடலாம்.

அடிக்கடி நேரும் குழப்பம் பிரஷர் மீட்டரில்தான். குறைந்த வேகத்தில் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். பம்ப் கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஃபில்டர் சுத்தமாகவே இருக்கிறது என்று நம்பி மாதக்கணக்கில் பேக்வாஷ் செய்யாதவர்களும் உண்டு. இரண்டும் தவறு. வாரம் ஒருமுறை முதலில் குறித்த அதே வேகத்துக்கு ஏற்றி அளவு எடுங்கள். சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 0.5 பார் கூடியிருந்தால் பேக்வாஷ் செய்ய வேண்டும்.

பம்பின் கண்ணாடி மூடிக்குக் கீழே காற்று தங்கினால் முதலில் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். மணல் துகள் ஒட்டியிருக்கும், அல்லது ரப்பர் காய்ந்து தட்டையாகியிருக்கும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். தண்ணீரைத் திரும்பி வரவிடாத, ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு குறைந்த ஓட்டத்தில் முழுதாகத் திறக்காமல் வீண் எதிர்ப்பைக் கொடுக்கும், அதையும் கவனியுங்கள்.

மின் இணைப்பில் இரண்டு எச்சரிக்கைகள். இந்த பம்புகளில் உள்ள டிரைவ் மின்னணுப் பலகையாலானது. மின்னல், மின்னழுத்த எழுச்சி இரண்டுக்கும் எளிதில் பலியாகும். சர்ஜ் தடுப்பான் வைக்காமல் இணைக்க வேண்டாம். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் கசிவு பிரேக்கர் எந்த வகை என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வகை மாறினால் காரணமில்லாமல் டிரிப் ஆகும். அந்தத் தொல்லை தாங்காமல் பிரேக்கரையே கழற்றிவிடுகிறார்கள் சிலர். தண்ணீருக்குப் பக்கத்தில் அது கொலைக்குச் சமம். பம்பைக் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அடைத்தால் டிரைவ் சூடாகி, தானாகவே வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும்.

பழைய பம்பின் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குத் தனியாக ஒரு டிரைவ் வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கெபாசிட்டரை நம்பி ஓடும் மோட்டார் அது, வேகத்தைக் குறைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும். மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால்தான் அந்த யோசனைக்கு இடமுண்டு. அதேபோல, அரை ஹெச்.பி.க்கும் குறைந்த பம்பை நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டும் சின்னக் குளத்துக்கு வேகம் மாற்றும் பம்ப் தேவையில்லை. மிச்சமாகும் சில யூனிட் போட்ட பணத்தைத் திருப்பித் தர நெடுங்காலம் ஆகும். அங்கே குறுகலான வால்வையும் தேவையற்ற எல்போக்களையும் (குழாய் வளைவுகளையும்) மாற்றுவதே லாபம்.

இப்படிக்கு,
நீச்சல்குளப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்