முத்திரை வைத்தவர் யார் என்பது நகையிலேயே தெரியட்டும்: இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தர நிர்ணய அமைவனம்,
புது தில்லி.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோவையில் ஒரு கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உரைகல், அமிலக் குப்பி, தராசு, ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் என் தொழில். 2021 ஜூன் 16 முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் என்னும் தூய்மை முத்திரை கட்டாயமானபோது, இனி எங்கள் வேலை பாதியாகக் குறையும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ‘916 கே.டி.எம்.’ என்று பலகை மாட்டி, பற்றவைப்பில் கேட்மியம் சேர்த்ததையே தூய்மைக்குச் சான்றுபோல விற்ற காலத்தைப் பார்த்தவனுக்கு அந்த மகிழ்ச்சி இயல்பானது. அது முழுக்கப் பொய்க்கவும் இல்லை. ஆனால் நகையைச் சோதித்து முத்திரை வைக்கும் மையங்களுக்கு நீங்கள் அங்கீகாரம் தருவதும், தந்தபின் அவற்றைக் கண்காணிப்பதும், அந்த முத்திரையை நம்பிப் பணம் கொடுப்பவரின் கண்ணுக்கு எட்டாத இடத்திலேயே நடக்கின்றன. அதைப் பற்றியே இந்த மடல்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெண்மணி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டு சவரன் வளையல் ஒன்றை அடகு வைக்க வந்தார். உட்புறத்தில் உங்கள் முக்கோண முத்திரை, 22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று காட்டும் 22கே916, ஆறு இலக்கத் தனி அடையாள எண்ணான எச்.யு.ஐ.டி., மூன்றும் லேசரில் சுத்தமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. உங்கள் அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை இட்டுப் பார்த்தேன். பொருள் வளையல், தூய்மை 916, கடையின் பதிவு எண், சோதித்த மையத்தின் பெயர், எதிலும் முரண் இல்லை. கை பழகிய வழக்கத்தில் கல்லில் உரைத்தேன். நடுப்பகுதியில் உரை சரியாக விழுந்தது. பூட்டுக்குப் பக்கத்திலும் அதற்கு எதிர்ப்புறத்திலும் வெளுத்தது; அங்கே மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, குறைவு என்பதற்கு அது அடையாளம். அமிலத்தைத் தொட்டு வைத்ததும் இன்னும் வெளுத்தது. “சீல் போட்ட நகைதானுங்களே, அப்புறம் எப்படிங்க மாற்று குறையும்?” என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வேறொரு அங்கீகாரம் பெற்ற மையத்தில், நுகர்வோருக்கென்று நீங்கள் நிர்ணயித்த 200 ரூபாய் கட்டணத்தில் அவர் சோதித்து வாங்கிய அறிக்கை 882 என்றது. பதினாறு கிராமில் ஆயிரத்துக்கு முப்பத்து நான்கு பங்கு குறைவென்றால் அரை கிராமுக்குச் சற்று மேல். அறிக்கையைப் பார்த்ததும் கடைக்காரர் ஒரு வார்த்தை மறுக்காமல் வேறு வளையல் எடுத்துக் கொடுத்தார். செய்கூலியும் சேதாரமும்கூடக் கேட்கவில்லை. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்த தூய்மைக்கு உரிய தொகையைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அதற்கு நேரமில்லை. பழைய வளையல் அந்த வாரமே பொன் உருக்கும் குடுவைக்குள் போயிருக்கும். அதற்கு 916 என்று முத்திரை வைத்த மையம் வழக்கம்போல மறுநாளும் கதவைத் திறந்திருக்கும்.

எங்கள் தொழிலில் தவற்றோடு சேர்ந்து அதன் தடயமும் உருகிவிடும் என்பதை நீங்கள் முதலில் கருத்தில் கொள்ள வேண்டும். கெட்டுப்போன மின்விசிறி வீட்டு மூலையில் கிடக்கும். மாற்று குறைந்த வளையல் மறுவாரம் மோதிரமாகிவிடும். ஆகவே வாங்கியவர் புகார் தந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு மற்றப் பொருள்களுக்கு ஓரளவு பொருந்தினாலும் தங்கத்துக்குப் பொருந்தாது.

கட்டாய ஹால்மார்க் வந்தபோது 945 ஆக இருந்த மையங்கள் 2024 இறுதிக்குள் 1,600-ஐத் தாண்டின. பதிவு பெற்ற நகை வணிகர்கள் 35 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்து 1.9 லட்சத்துக்கும் மேலாகப் பெருகினார்கள். ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்கள் தொடக்கத்தில் 256; அந்த எண்ணிக்கையும் படிப்படியாக ஏறியது. நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நகைகள் எண் பெறுவதாக அரசே அறிவித்திருக்கிறது. இந்தப் பெருக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மையமே இல்லாத ஊர்க்காரர், செய்த நகையைப் பேருந்தில் மடியில் கட்டிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போய் வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மையங்கள் பெருகிய வேகத்தில் அவற்றைப் பார்க்கும் கண்களும் பெருகினவா என்ற கேள்விக்கு, பொதுவெளியில் கிடைக்கும் எந்த எண்ணும் எனக்குப் பதில் தருவதில்லை.

இந்த மையங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. இவற்றுக்குக் கட்டணம் கொடுப்பவர் நகை வணிகர். எந்த மையத்துக்கு நகையை அனுப்புவது என்று தேர்ந்தெடுப்பவரும் அவரே. கட்டணத்தை நீங்கள் ஒரு நகைக்கு 45 ரூபாய் என்றும் அதற்கு மேல் வரி என்றும் நிர்ணயித்திருக்கிறீர்கள். மூக்குத்திக்கும் அதே தொகை, ஒட்டியாணத்துக்கும் அதே தொகை. விலையில் போட்டியிட வழியில்லாத இடத்தில் மையங்கள் வேறு எதில் போட்டியிடும்? வேகத்திலும், வாடிக்கையாளரின் மனம் கோணாமல் நடந்துகொள்வதிலும்தான். எங்கள் ஊர் நகைக்கடைத் தெருவான ராஜ வீதிக்கு மாலையில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று காலையில் கொண்டுவந்து கொடுக்கும் வணிகரிடம், “ஒரு தொகுதி தேறவில்லை, மொத்தத்தையும் திரும்ப எடுத்துப் போங்கள்” என்று சொல்லும் மையத்துக்கு அடுத்த வாரம் யார் சரக்கு அனுப்புவார்? நேர்மையான மையங்கள் பல இருப்பதை நான் அறிவேன். அவை நேர்மையாக இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு கூலியும் தருவதில்லை.

சோதனை என்பது என்ன என்பதை, இந்த மடலைப் படிக்கும் பொதுமக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் கணிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் நகையை வைத்துப் பார்க்கிறார்கள். அது சில நிமிட வேலை, ஆனால் மேற்பரப்பைத்தான் அது படிக்கும். பிறகு தொகுதியிலிருந்து மாதிரியாகச் சுரண்டியோ வெட்டியோ எடுத்த சில நூறு மில்லிகிராம் பொன்னோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேல் காயும் உலையில் ஒரு சிறு கிண்ணத்தில் வைக்கிறார்கள். செம்பையும் ஈயத்தையும் அந்தக் கிண்ணமே குடித்துவிடும். மிஞ்சுகிற மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து பொன் மட்டும் நிற்கும். அதை மீண்டும் காய்ச்சி நுண்தராசில் நிறுத்தால் மாற்று தெரியும். நம் பத்தர்கள் புடம் போடுவது என்று சொல்வதன் சீரான, அளந்து செய்யும் வடிவம் இது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு உலையில் ஒரு தடவைக்கு இத்தனை கிண்ணங்கள்தான் கொள்ளும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையே உங்கள் கையில் உள்ள சிறந்த கண்காணிப்புக் கருவி. ஒவ்வொரு எச்.யு.ஐ.டி. எண்ணும் உங்கள் தளத்தின் வழியாகவே பிறக்கிறது. எந்த மையம், எந்த நாளில், எத்தனை நகைக்கு எண் பெற்றது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கீகாரம் கேட்டபோது உலை எத்தனை, ஆள் எத்தனை என்று அந்த மையம் எழுதிக் கொடுத்ததும் உங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உலையின் திறனுக்கு மீறி எண் வாங்கும் மையம் தானாகவே தலை தூக்கும். அதற்கு யாரும் கோவைக்கோ மதுரைக்கோ வண்டி ஏற வேண்டியதில்லை. ஒவ்வொரு மையமும் ஆண்டுக்கு எத்தனை நகைக்கு முத்திரை வைத்தது, எத்தனை மாதிரிகளை உலையில் இட்டது, எத்தனை தொகுதிகளை ‘தேறவில்லை’ என்று திருப்பியது, கடைகளில் நீங்கள் எடுத்த மாதிரிகளில் அதன் முத்திரை பெற்றவை எத்தனை பொய்த்தன, இந்த நான்கு எண்களையும் மையவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். ஆண்டு முழுவதும் ஒரு தொகுதியைக்கூடத் திருப்பாத மையத்தைப் பற்றி என்ன நினைப்பது என்பதை நகைக்கடை வாசலில் நிற்பவரே முடிவு செய்துகொள்வார்.

இரண்டாவது வேண்டுகோள் கொஞ்சம் சங்கடமானது, ஏனெனில் நீங்களே எடுத்துவிட்ட ஒன்றைத் திரும்பக் கேட்கிறேன். எச்.யு.ஐ.டி. வருவதற்கு முன் நகையில் நான்கு குறிகள் இருந்தன: உங்கள் முத்திரை, தூய்மை, மையத்தின் அடையாளம், நகை வணிகரின் அடையாளம். இப்போது மூன்றே குறிகள். மையத்தின் அடையாளம் எண்ணுக்குள் ஒளிந்துகொண்டது. செயலியில் தேடினால் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கள் வங்கிக்கு வந்தவர்களில் செயலியைத் திறந்து காட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். நகையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. பிரிட்டனில் லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு, எடின்பரோ என்று நான்கே சோதனை அலுவலகங்கள். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒரு குழு அவற்றைக் கண்காணிக்கிறது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் என்று சோதித்த அலுவலகத்தின் குறி நகையில் பொறிக்கப்படுவது அங்கே இன்றும் கட்டாயம். நான்கு அலுவலகம் இருக்கும் நாட்டிலேயே யார் சோதித்தது என்று பெயர் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால், ஆயிரத்து அறுநூறு மையங்கள் இருக்கும் நாட்டில் அது எவ்வளவு தேவை! ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் போதும். லேசருக்கு அது ஒரு பாரமில்லை.

ஆய்வுக்குப் போகும் நாளைச் சொல்லிவிட்டுப் போவது பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சில் மார்பக உள்வைப்புகள் செய்த பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுச் சிலிகானை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது. அரசு அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் ஆண்டுக்கணக்காக அந்த ஆலைக்குப் போய்வந்துதான் இருந்தது. ஆனால் வருகையை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனது. அதன்பின் 2013-இல் ஐரோப்பிய ஆணையம், இத்தகைய நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவதையும் அவற்றை மேற்பார்ப்பதையும் இறுக்கியதோடு, அவை முன்னறிவிப்பின்றி ஆலைக்குள் நுழைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. உங்கள் அதிகாரிகளும் திடீரெனப் போவதுண்டு என்பதை அறிவேன். எத்தனை முறை போனார்கள், என்ன கண்டார்கள் என்பது அந்த ஆண்டறிக்கையில் ஐந்தாவது எண்ணாக இடம்பெறட்டும்.

கடைசியாக, அங்கீகாரம் இடைநிறுத்தப்பட்ட அல்லது ரத்து செய்யப்பட்ட மையங்களின் நகைகளைப் பற்றி. ஒரு மையத்தை நீங்கள் மூடும்போது, அதுவரை அது முத்திரை வைத்த நகைகள் எத்தனையோ கழுத்துகளிலும் கைகளிலும் வங்கிப் பெட்டகங்களிலும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் திரையில் மையத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் இன்றைய நிலை தெரிய வேண்டும். தூய்மைக் குறைவுக்காகவே அங்கீகாரம் பறிபோயிருந்தால், அதன் எண் பொறித்த நகையை அருகிலுள்ள வேறு மையத்தில் கட்டணமின்றி மறுசோதனை செய்துகொள்ளும் உரிமையை வைத்திருப்பவருக்குத் தர வேண்டும். அந்தச் செலவை மூடப்பட்ட மையம் ஏற்க, அங்கீகாரம் தரும்போதே ஒரு வைப்புத்தொகை வாங்கி வையுங்கள். இதனால் புதிய மையங்கள் தொடங்கத் தயங்குவார்கள் என்று சொல்வார்கள். சிலர் தயங்கட்டும்.

நகையை எந்த மையத்துக்கு அனுப்புவது என்பதை வணிகரிடமிருந்து எடுத்து உங்கள் தளமே முறை வைத்து ஒதுக்க வேண்டும் என்று தொழிலில் சிலர் சொல்கிறார்கள். கொள்கையளவில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் செல்வபுரத்துப் பட்டறையில் செய்த சரக்கை ஊரின் மறுகோடிக்கு எடுத்துச் செல்லும் ஆபத்தை யார் சுமப்பது என்று தெரியாமல் அதை வேண்டுகோளாக வைக்கத் துணியவில்லை. மேலே கேட்டவற்றுக்குப் புதிய சட்டம் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை; உங்கள் அமைவனத்துக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் 2018-ஆம் ஆண்டு ஹால்மார்க்கிங் ஒழுங்குமுறைகளும் உங்களுக்குத் தந்திருக்கும் அதிகாரமே போதும்.

இதன் படியொன்றைத் தரமணியிலுள்ள உங்கள் தென்மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த 882 அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது; அந்த அம்மாவின் சம்மதத்தோடு, நீங்கள் கேட்டால் தரச் சித்தமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.